மத்தள சிஸ்டர் சொன்ன பொய்

நெஞ்சு நோய் வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மத்தள சிஸ்டர் என்றால்தான் சமையற்கட்டிலிருந்து மருந்துக் கிடங்கு வரை எல்லாருக்கும் தெரியும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, முதுகில் கீழிருந்து மேலாகத் தொப் தொப்பென்று அவள் தட்ட ஆரம்பித்தால், அடியில் உறைந்து கிடந்த சளிகூட இனி இங்கே குடியிருக்க முடியாது என்று கிளம்பி வந்துவிடும். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடின்னு சொல்வாங்க. இந்த வார்டுல மட்டும் அடிக்கிறவளுக்கு மத்தளம்னு பேரு வச்சிருக்கீங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மேஸ்திரி அங்கே வந்து சேர்ந்தது ஒரு காலை நேரம். ஸ்ட்ரெச்சரில் படுக்க மாட்டேன் என்று கையை ஆட்டி மறுத்து, சக்கர நாற்காலியில் முன்னால் குனிந்து முட்டியைப் பிடித்தபடியே வந்தார். வயது நாற்பத்தெட்டு என்று சீட்டில் எழுதியிருந்தது. பார்த்தால் எழுபது சொல்லலாம். எலும்புக்கு மேல் தோலைப் போர்த்தி விட்டது போன்ற உடம்பு. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு கயிறு கயிறாகப் புடைத்தது. கல் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் கல் பலகை அறுத்தவர். வீட்டுத் தரைக்கும் சமையல் மேடைக்கும் போடுகிற பலகைகள். இயந்திரம் கல்லில் பட்டதும் மாவு மில்லைப் போல வெள்ளையாகத் தூசி கிளம்பும். அந்த மாவு கொஞ்சம் கொஞ்சமாக அவர் நுரையீரலில் படிந்து, அதையும் கல்லாக்கிவிட்டது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் அவருடைய தம்பி. பத்து வயது இளையவன். அகலமான தோள், அண்ணனுடைய அதே சப்பை மூக்கு. இரண்டு பேருடைய நகக் கண்களிலும் எவ்வளவு கழுவினாலும் போகாத வெள்ளை இருந்ததை மத்தள சிஸ்டர் அப்போதே பார்த்துவிட்டாள். பார்த்ததை மனசுக்குள் ஒரு ஓரத்தில் வைத்தாள்.

கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, மடிக்கு நேராகச் சின்ன மேசையைத் தள்ளி, அதன்மேல் இரண்டு தலையணையை அடுக்கி, "இதைக் கட்டிக்கிட்டு குனிஞ்சு உக்காருங்க மேஸ்திரி. படுக்கச் சொல்லி யாரும் உங்களை வற்புறுத்த மாட்டோம்" என்றாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டி, அளவைக் குறைவாகவே திருகினாள்.

தம்பி அதைக் கவனித்துவிட்டான். "இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கக் கூடாதா சிஸ்டர்? இவ்வளவு இழுக்குதே."

"பல நாள் பட்டினி கிடந்தவனுக்குப் பானைச் சோத்தையும் ஒரேயடியா ஊட்டுவியா? அவர் உடம்பு கொஞ்சக் காத்துல வாழப் பழகிடுச்சு தம்பி. அள்ளிக் கொடுத்தா, மூச்சு விடணும்ங்கறதையே மறந்துடும்."

அன்றிலிருந்து அவன் அவளுக்கு நல்ல சீடனாகிவிட்டான். அண்ணி, அதாவது மேஸ்திரியின் மனைவி, ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். தம்பிக்கும் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். எல்லாரும் ஒரே வீடு. அண்ணி மத்தியானம் கஞ்சிப் பாத்திரத்தோடு ஓடி வந்து, அரை மணி நேரம் கணவனின் காலைப் பிடித்துவிட்டு, திரும்ப ஓடுவாள். மற்ற நேரமெல்லாம் தம்பிதான். குழாய் உரசி அண்ணனின் காது மடலுக்குப் பின்னால் புண்ணாகாமல் பஞ்சு வைக்கக் கற்றுக்கொண்டான். கஞ்சியை நாலு ஸ்பூன் கொடுத்துவிட்டு நாலு மூச்சு காத்திருக்கக் கற்றுக்கொண்டான். சாப்பிடும்போது கேள்வி கேட்கக் கூடாது, பதில் சொல்லப் போனால் புரையேறும் என்று தெரிந்துகொண்டான். மூச்சு இரைக்கும்போது, "மூக்கால இழுங்க அண்ணா. சூடு டீயை ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க" என்று எதிரே உட்கார்ந்து அவனும் கூடவே ஊதுவான். மூன்றாவது நாள் முதுகு தட்டவும் ஆரம்பித்துவிட்டான்.

கல்லைப் புரட்டிய கை எப்படி இருக்குமோ என்று மத்தள சிஸ்டர் பயந்தாள். ஆனால் அவன் தட்டியது தொட்டில் ஆட்டுவது போல இருந்தது.

"நல்லா தட்டறான்..." மேஸ்திரியால் ஒரு மூச்சுக்கு மூன்று வார்த்தைதான் பேச முடியும். "உங்களை விட... நல்லா தட்டறான்."

"என் வேலைக்கு உலை வைக்காதீங்க மேஸ்திரி."

தம்பி சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினான். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் இருமுவது உள்ளே நன்றாகவே கேட்டது.

இருபத்திரண்டு வருஷமாக இருமலையே கேட்டுப் பழகிய காது அவளுடையது. புகை பிடிப்பவன் இருமல், சளி பிடித்தவன் இருமல், காசம் கண்டவன் இருமல், விடுப்புக் கேட்பவன் இருமல் எல்லாம் அவளுக்குத் தனித்தனியாகத் தெரியும். இது வறண்ட இருமல். எதையும் வெளியே கொண்டுவராத, கல்லில் கல் உரசுகிற இருமல். மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. நிமிர்ந்தபோது மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது கேட்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் தம்பி குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் அவளுடைய முழங்கையைப் பிடித்தார்.

"அவனுக்கு... ஒரு படம்... எடுக்கணும் சிஸ்டர்."

"எக்ஸ்ரேயா?"

"நான் கேட்டேன்னு... சொல்லாதீங்க. பயந்துடுவான்." கொஞ்ச நேரம் உதட்டைக் குவித்து ஊதினார். "நான்தான்... கையைப் பிடிச்சு... பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் போறேன்னு... அழுதான். ஒரு அறை விட்டு... கூட்டிட்டுப் போனேன்."

அதற்கு மேல் அவரைப் பேசவிடாமல், "சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தம்பியிடம், வார்டில் தங்கித் துணைக்கு இருப்பவர்கள் எல்லாரும் காசநோய்ப் பரிசோதனைக்குப் படம் எடுக்க வேண்டும், இது விதி என்று ஒரு போடு போட்டாள். அப்படி ஒரு விதி உண்மையிலேயே இருந்தது, யாரும் அதைக் கடைப்பிடித்ததுதான் இல்லை. அவனும் சட்டையைக் கழற்றிப் பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றுவிட்டு வந்தான்.

படத்தை மறுநாள் மருத்துவர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அவர் சின்ன வயதுக்காரர், நல்லவர், அதிகம் பேசாதவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் மேல் பாதியில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். அண்ணனுடைய பழைய படம் ஒன்று கோப்பில் இருந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

"இதுக்கு மருந்து இல்லை. உங்களுக்குத் தெரியாததா" என்றார் மருத்துவர். "தூசியை இன்னைக்கே விட்டுட்டாலும் உள்ள போனது வேலையைக் காட்டிக்கிட்டுதான் இருக்கும். ஆனா விடலைன்னா ரொம்ப வேகமா போயிடும். நாளைக்குக் காலையில நானே தம்பிகிட்ட உக்காந்து பேசறேன். அண்ணன்கிட்ட நீங்க பக்குவமா சொல்லுங்க. உங்ககிட்டதானே கேட்டிருக்கார்."

பக்குவமாகச் சொல்வதற்குத்தான் அவள் போனாள். போகிற வழியிலேயே வார்த்தைகளைக் கோத்துக்கொண்டாள். லேசா ஆரம்பம் இருக்கு, வேலையை மாத்திட்டா தள்ளிப் போடலாம், நல்லவேளை இப்பவே தெரிஞ்சது. இதெல்லாம் எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைகள்தான். ஆனால் மேஸ்திரி அன்று மூன்றாவது நாளாகத் தூங்கியிருக்கவில்லை. கன்னம் குழி விழுந்து, உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவள் வருவதைப் பார்த்ததுமே தலையணையை விட்டு நிமிர்ந்து, "வந்துச்சா?" என்று கேட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தீர்ப்பைக் கேட்பது போல இருந்தது அந்த முகம்.

"வந்துச்சு மேஸ்திரி. சுத்தமா இருக்கு."

அவளுடைய வாய்தான் அதைச் சொன்னது. சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

மேஸ்திரி அவளுடைய கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அழக்கூட அவருக்கு மூச்சு போதவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கி ஆக்ஸிஜன் குழாயில் வழிந்தது. பத்து நிமிஷத்தில், மேசைமேல் தலையணையைக் கட்டிக்கொண்டபடியே தூங்கிவிட்டார். தூக்கத்தில் மூச்சு முன்னைவிடச் சீராக இருந்தது. ஒரு பொய்க்கு இவ்வளவு குணம் உண்டா என்று அவள் நின்று பார்த்துவிட்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போனாள்.

அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுபவர். சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததைச் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார்.

"பிரேக் பிடிக்கலைன்னா முதல்ல என்ன செய்யணும் தெரியுமா? ஹாரன் அடிக்கணும். எதிர்ல வர்றவன் ஒதுங்கட்டும். நீ அந்தத் தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

"நாளைக்கு டாக்டர் சொல்றேன்னாரு."

"நாளைக்குள்ள அண்ணன் அவன்கிட்ட சொல்லிடுவாரே."



மறுநாள் அவள் வார்டுக்குள் கால் வைக்கும்போதே தம்பி வாசலில் நின்றிருந்தான். ஷேவ் செய்து, தலை வாரி, முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தான்.

"அண்ணன் சொல்லிட்டாரு சிஸ்டர். என் நெஞ்சு சுத்தமாமே! எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. வெளிய சொல்லிக்கல. இந்த இருமல் சும்மா சளி இருமல்தான் போல."

"தம்பி, இங்க வா..."

"அண்ணன் என்ன சொன்னாரு தெரியுமா? இருபத்து மூணு வருஷமா ஒட்டாத தூசி இனியா உனக்கு ஒட்டப் போகுது, என் உடம்பு வாகு அப்படி, உனக்கு அப்பா உடம்புன்னாரு. அவர் இடத்துல என்னைப் போய் நிக்கச் சொன்னாரு. மேஸ்திரி இடம் காலியா இருந்தா வேற யாராவது வந்துடுவாங்களாம். ரெண்டு குடும்பமும் என் தலையிலதானே. கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு."

மத்தள சிஸ்டர் அவனைக் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே கூட்டிப் போனாள். காலி ஆக்ஸிஜன் உருளைகளை அடுக்கி வைக்கிற இடம் அது. உட்கார ஒன்றும் இல்லை. நின்றபடியே சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. படத்தில் என்ன இருந்தது, அதற்கு என்ன பெயர், அதற்கு ஏன் மருந்து இல்லை, அண்ணனிடம் தான் என்ன சொன்னாள், எல்லாம் சொன்னாள். "தப்பு என்னோடது. அவர் முகத்தைப் பாத்து சொல்ல முடியல. நீ பட்டறைப் பக்கமே போகக் கூடாது" என்றாள்.

அவன் ஓர் உருளையின் மூடியைத் திருகினான், திரும்ப இறுக்கினான். ரொம்ப நேரம் அதையே செய்தான்.

"எங்கிட்டயும் அதே பொய்யைச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்" என்றான் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தது போலத்தான் இருந்தது.

அவள் சாய்ந்திருந்த ஓர் உருளையை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணனுக்குத் தெரியவே வேண்டாம்" என்றான்.

"சரி."

"அவர் எத்தனை நாள்?"

"டாக்டரைத்தான் கேக்கணும்."

"உங்களைத்தான் கேக்கறேன்."

"ஒரு வாரம் போனா பெரிசு தம்பி."

அவன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனான். அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணனை மெல்ல ஒருக்களித்துச் சாய்த்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, தட்ட ஆரம்பித்திருந்தான்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை. ஐந்தாம் நாள் காலை, ஆயாம்மா படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கல்லாகிப்போன நுரையீரலில் ஓர் ஓரம் கிழிந்து, காற்று வெளியே கசிந்துவிட்டது. மருத்துவர் விலாவில் குழாய் போட்டார். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதில் குமிழ் வந்தது. செயற்கைச் சுவாச இயந்திரத்தில் போட்டால் அதிலிருந்து அவரை எடுக்கவே முடியாது என்பதை மருத்துவர் அண்ணியிடமும் தம்பியிடமும் தெளிவாகச் சொன்னார். அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான். "வேணாம்" என்று அண்ணிதான் சொன்னாள். "அவர் வீட்டு வாசல்லகூடக் கதவு சாத்த விட மாட்டாரு. இயந்திரத்துக்குள்ள போட வேணாம்."

அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை மத்தள சிஸ்டர் செய்தாள். மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மருத்துவர் எழுதிய ஊசியைப் போட்டாள். காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தாள். சன்னலைத் திறந்து, முகத்தில் காற்றுப் படுகிற மாதிரி சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். வெறும் விசிறிக் காற்று நுரையீரலுக்கு ஒன்றும் செய்யாது, ஆனாலும் மூச்சு முட்டுகிறவனுக்கு அது ஆறுதல். மேஸ்திரி நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து தம்பியைத் தேடினார்.

"பட்டறை...?"

"போறேண்ணா. திங்கக்கிழமையிலேர்ந்து போறேன்."

மேஸ்திரியின் முகம் தளர்ந்தது. பதினொரு மணிக்குத் தண்ணீர் பாட்டிலில் குமிழ் நின்றது. நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தன் இருமலை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போனார்.

அண்ணனின் உடலை எடுத்துப் போன அன்று, பட்டறை வேலைக்குப் போக மாட்டேன் என்று தம்பி அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அண்ணனிடம் போவேன் என்று கொடுத்திருந்தான். எந்த வாக்கை அவன் காப்பாற்றுவான் என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை வந்து காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவன் வரவில்லை. நாலாவது மாதம் ஒரு விடுமுறை நாளில் அவளே பட்டறையைத் தேடிக்கொண்டு போனாள்.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் பலகைகள் புத்தகம் போல நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. தரை, மரம், நிறுத்தியிருந்த சைக்கிள், எல்லாம் ஒரே வெள்ளை. உள்ளே ஏழெட்டுப் பேர் துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். யார் எவர் என்று அடையாளமே தெரியவில்லை. அகலமான தோளை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். அந்தத் தோளும் இப்போது அவ்வளவு அகலமாக இல்லை.

அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முகத் துணியை அவிழ்த்தபடி வந்தான். கண்ணிமையெல்லாம் வெள்ளை.

"வாங்க சிஸ்டர். சமையல் மேடைக்குப் பலகை பாக்க வந்தீங்களா?" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு வாக்குக் குடுத்த."

"மூணு மாசம் காவலாளி வேலை பாத்தேன் சிஸ்டர். சும்மா நிக்கறதுக்கு யாரையும் வச்சுக்கலாமாம், இருமாதவனா வேணுமாம். அனுப்பிட்டாங்க. இந்தக் கைக்குக் கல்லைத் தவிர ஒண்ணும் தெரியாது." பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவது போல, "இப்பத் தண்ணி விட்டுத்தான் அறுக்கறோம். நான்தான் முதலாளிகிட்ட சண்டை போட்டுக் குழாய் போட வச்சேன். தூசி கிளம்பாது, சேறாப் போயிடும்" என்றான்.

அவள் இயந்திரத்தைப் பார்த்தாள். குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வரவில்லை.

"மத்தியானத்துக்கு மேல தொட்டி காலியாயிடும்" என்றான் அவன்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"படத்தைப் பத்தியா? தெரியும். சொல்லிட்டேன். என் பொண்டாட்டிக்கும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் காலையில மூஞ்சில கட்டிக்கன்னு அண்ணி நாலு மடிப்புத் துணி தச்சுக் குடுத்தாங்க." கையிலிருந்த துணியைக் காட்டினான். தையல் நேர்த்தியாக இருந்தது. மூக்கு படுகிற இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்தது.

வியாழக்கிழமை கண்டிப்பாக வா என்றாள். அவன் தலையை ஆட்டினான். இந்தத் தலையாட்டலை அவள் ஆயிரம் பார்த்திருக்கிறாள். இன்னும் என்ன சொல்லலாம் என்று அவள் நின்றுகொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒருவன் பலகையை ஏற்றி இயந்திரத்தை ஓடவிட்டான். வெள்ளை மேகம் கிளம்பியது.

"நீங்க இங்க நிக்காதீங்க சிஸ்டர்" என்று தம்பி கத்தினான். "தூசி. உடம்புக்கு ஆகாது." அவளுடைய தோளைத் தொடாமல் கையால் மறைத்துக்கொண்டே வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனான்.

அந்த வியாழக்கிழமை வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். பன்னிரண்டரை மணிக்கு மேசையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், வரிசையின் கடைசியில் அவனைப் பார்த்தாள். சொன்னபடி வந்துவிட்டானே என்று அவளுக்கு ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் அவனுக்குப் பின்னால் நின்றவர்களைக் கவனித்தாள். நாலு பேர். குளித்துத் துவைத்த சட்டை போட்டுத்தான் வந்திருந்தார்கள். ஆனாலும் காது மடிப்பிலும் நகக் கண்ணிலும் வெள்ளை இருந்தது. ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். அதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

"பட்டறை ஆளுங்க சிஸ்டர்" என்றான் தம்பி. அவனுக்கும் படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "வர மாட்டேன்னுதான் சொன்னாங்க. இழுத்துட்டு வந்தேன். எல்லாருக்கும் படம் எடுக்கணும். ஒண்ணு கேட்டுக்கறேன். இவங்களுக்கு என்ன இருக்கோ அதை உள்ளபடியே சொல்லிடுங்க."

மருத்துவர் இருந்த அறைக் கதவு இன்னும் சாத்தவில்லை. மத்தள சிஸ்டர் உள்ளே எடுத்து வைத்துவிட்ட பதிவுச் சீட்டுகளை மறுபடி வெளியே எடுத்தாள். சொல்லலாம். சொல்லிவிட்டு இவர்களுக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருந்தது? இரண்டு தலையணை, கொஞ்சம் ஆக்ஸிஜன், முதுகில் தட்ட இரண்டு கை.

"பெரியவர் முதல்ல வரட்டும்" என்றாள். "உக்காருங்க ஐயா. எத்தனை வருஷமா கல் வேலை?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது முடியட்டும் என்று காத்திருந்தாள்.